அப்பா வாங்கியது ‘எ’ மாடா, ‘தி’ மாடா? ஆங்கில வினாத்தாள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு ஆங்கிலத்தில் பொது வினாத்தாளும் ஆன்சர் கீயும் தயாரிக்கும் ஆசிரியர் குழுவினருக்கு,

நான் எந்தப் பள்ளியிலும் வேலை பார்ப்பவள் இல்லை. வீட்டு மொட்டை மாடியில் தகரம் போட்டு, பதினொரு வருடமாக ஆறாவது முதல் பத்தாவது வரை பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த வருடம் இருபத்து இரண்டு பேர். உங்கள் வினாத்தாள் அவர்கள் பையில்தான் என் மாடிக்கு வருகிறது, திருத்திய விடைத்தாளும் அப்படியே. அதனால் நீங்கள் செய்வதன் பலனை உங்களைவிட நான்தான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

அரையாண்டுத் தேர்வு, எட்டாம் வகுப்பு, கோடிட்ட இடத்தில் ஆர்ட்டிக்கிள், அதாவது ‘எ’, ‘ஆன்’, ‘தி’ இவற்றில் ஒன்றைப் போடச் சொல்லும் கேள்வி. ஐந்து வாக்கியம், ஐந்து மார்க். அதில் இரண்டு வாக்கியம் மாட்டைப் பற்றி. ஒன்று, ‘மை ஃபாதர் பாட் ____ கவ்’. இன்னொன்று, ‘____ கவ் ஈஸ் எ யூஸ்ஃபுல் அனிமல்’. உங்கள் கீயில் முதலாவதற்கு ‘எ’, இரண்டாவதற்கு ‘தி’. என்னிடம் படிக்கும் ஒரு பெண் சரியாகத் தலைகீழாக எழுதியிருந்தாள்: அப்பா வாங்கியது ‘தி’ கவ், பயனுள்ள விலங்கு ‘எ’ கவ். இரண்டுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி, இரண்டு மார்க் போச்சு.

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். திட்டுவேன் என்று நினைத்து முதலில் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “அந்த மாடுதான் அக்கா, நாங்க ரெண்டு மாசமா பாத்துட்டு வந்தது. ஒத்தக் கொம்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கும். வெல படியாம படியாம, தீபாவளி கழிச்சுத்தான் அப்பா அந்த மாட்ட வாங்குனாரு.” அவள் வீட்டில் இரண்டு மாதம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே அந்த மாடுதான். அவள் எழுதும்போது மனதில் நின்றது ஏதோ ஒரு மாடு இல்லை. அப்படி ஒரு மாட்டை ஆங்கிலத்தில் ‘தி கவ்’ என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இரண்டாவது வாக்கியத்துக்கு அவள் காரணம் இன்னும் நேர்த்தி. “அது எங்க மாட்டச் சொல்லலல்ல, எந்த மாடுன்னாலும் அப்படித்தான?” ஆமாம் தாயே. பொதுவாக ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘எ கவ்’ என்றும் சொல்லலாம், ‘தி கவ்’ என்றும் சொல்லலாம், பன்மையில் எதுவும் போடாமல் ‘கவ்ஸ்’ என்றும் சொல்லலாம். எந்த நல்ல இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாலும் இது இருக்கும். அவள் இரண்டு இடத்திலும் யோசித்திருக்கிறாள். இரண்டு இடத்திலும் சரியாக யோசித்திருக்கிறாள். நீங்கள் இரண்டு இடத்திலும் சுழியம் போட்டீர்கள்.

அவளுடைய பள்ளி ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். பாவம், அவர் நல்லவர். “எனக்கும் புரியுது, ஆனா கீயில ‘எ’ன்னு இருக்கும்போது நான் ‘தி’க்கு மார்க் போட்டா என்னத்தான் கேப்பாங்க” என்றார். உங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: விடைக்குறிப்பில் உள்ளதற்கு மட்டுமே மதிப்பெண். அதோடு விட்டிருந்தால் நானும் ஒருவேளை புலம்பிவிட்டு ஓய்ந்திருப்பேன். ஆனால் போன வாரம் பிள்ளைகள் ஒரு ஜெராக்ஸ் தாள் கொண்டுவந்தார்கள், முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம், ஆர்ட்டிக்கிளுக்கு முப்பத்தொரு விதிகள், அடுத்த பருவத்தில் இருந்து இதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டுமாம். அந்தத் தாளைப் படித்த பிறகுதான் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதல் விதியில் இருந்தே வருகிறேன். ‘ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்து எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஆன் வரும்.’ அதற்குக் கீழே ‘விதிவிலக்குகள்’ என்று ஒரு பெட்டி: அவர் (மணி நேரம்), ஆனஸ்ட், யுனிவர்சிட்டி, யூரோப்பியன், ஒன்-ருபீ நோட், எம்.எல்.ஏ. இதில் எதுவுமே விதிவிலக்கு இல்லை, உங்களுக்கும் தெரியும். ‘ஆன்’ வருவது எழுத்தைப் பார்த்து இல்லை, ஓசையைக் கேட்டு. வாய் திறக்கும்போது உயிர் ஓசை வந்தால் ‘ஆன்’, மெய் ஓசை வந்தால் ‘எ’, அவ்வளவுதான், ஒரே விதி, விலக்கே கிடையாது. எழுத்தை வைத்து விதியை எழுதியதால்தான் விலக்குப் பெட்டி தேவைப்பட்டது, அந்தப் பெட்டியில் இல்லாத புதுச் சொல் வந்தால் பிள்ளை முழிக்கும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுசாக இருக்கிறதா என்றால், இல்லை. முதல் ஆறு வருடம் நானும் இதே ஐந்து எழுத்துக் கதையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாள் ஏழாவது படிக்கும் ஒரு பையன் கேட்ட கேள்விதான் என்னை மாற்றியது. “அக்கா, தமிழ் ஐயா ஓர் ஊர், ஒரு வீடுன்னு சொல்றாரே, அதேதான இது?” அதேதான். உயிர் எழுத்துக்கு முன்னால் ஓர், உயிர்மெய்க்கு முன்னால் ஒரு. ஓர் ஆடு, ஒரு மாடு. ஒரே கட்டடத்தில், ஒரு பீரியட் முன்னால், தமிழ் வகுப்பில் படித்த விதியை ஆங்கில வகுப்பில் புதிதாக, அதுவும் தப்பாக, மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

அன்றிலிருந்து என் மாடியில் ஒரு பழக்கம். சந்தேகம் வந்தால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார். முதல் எழுத்து உயிர் என்றால் ‘ஆன்’, இல்லை என்றால் ‘எ’. யுனிவர்சிட்டி ‘யு’வில் தொடங்குகிறது, ஒரு யானை மாதிரி, எனவே ‘எ’. எம்.எல்.ஏ. ‘எ’வில் தொடங்குகிறது, எனவே ‘ஆன்’. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது எச்.எம்.தான். ‘ஆன் எச்.எம்.’ என்று எழுத வேண்டும், ஆனால் அதே மனிதரை ‘எ ஹெட்மாஸ்டர்’ என்று எழுத வேண்டும். ‘ஆன் எஸ்.ஐ.’, ஆனால் ‘எ சப்-இன்ஸ்பெக்டர்’. ஆள் மாறவில்லை, ஓசை மாறிவிட்டது. இதைச் சொன்ன அன்றைக்கு இரவு வரைக்கும் தெருவில் ஆளாளுக்கு எஃப்.ஐ.ஆர்., எல்.ஐ.சி. ஏஜென்ட், வி.ஏ.ஓ. என்று கத்திக்கொண்டு திரிந்தார்கள்.

இது எல்லா இடத்திலும் பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவீர்கள். ‘ஒன்’ என்று தமிழில் எழுதினால் உயிர், ஆனால் ஆங்கிலக்காரர் வாயில் அது ‘வன்’. காதுக்கான ‘இயர்’, வருடத்துக்கான ‘யியர்’, இரண்டையும் நாம் ஒன்றுபோலவே சொல்கிறோம். வுமன் என்பதை ‘உமன்’ என்று சொல்லும் பையன் ‘ஆன் உமன்’ என்றுதான் எழுதுவான். இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மில் பாதிப் பேர் மணியை ‘ஹவர்’ என்று ஹ போட்டுத்தான் சொல்கிறோம், அப்படிச் சொல்லும் பிள்ளை ‘எ ஹவர்’ என்று எழுதினால் அது இலக்கணத்தை மீறவே இல்லை, ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது, தப்பு உச்சரிப்பில். அங்கே திருத்த வேண்டியது காதையும் வாயையும். நீங்கள் கொடுத்திருப்பது ஒப்பிக்க ஒரு பெட்டி.

அந்தத் தாளில் ‘ஆன்’னுக்கு முதல் உதாரணம் ‘ஆன் ஆரஞ்ச்’. உங்களில் யாராவது அந்தச் சொல்லின் கதையை வகுப்பில் சொன்னதுண்டா? நம் ஊறுகாய் ஜாடியில் இருக்கிற நாரத்தங்காயின் ‘நார’ இருக்கிறதே, அதன் உறவுதான் ஆரஞ்ச். திராவிட மொழிகளில் இருந்து சமஸ்கிருதம், பாரசீகம், அரபு என்று போய் ஐரோப்பாவில் நுழைந்தது என்பதுதான் பெரும்பாலான சொற்பிறப்பு அகராதிகள் சொல்வது. அரபு வரைக்கும் ‘நாரஞ்ச்’ என்று நகரத்தோடுதான் இருந்தது. இத்தாலி, பிரான்ஸ் பக்கம் போனபோது, அங்கே ‘ஒரு’ என்பதைக் குறிக்கும் சொல்லின் கடைசி ஓசையும் ன்தான், இரண்டு னகரமும் ஒட்டிக்கொண்டதில் பழத்தின் ந உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தத் திருட்டு நடந்திருக்கிறது. ‘எ நேப்ரன்’ என்று இருந்தது ‘ஆன் ஏப்ரன்’ ஆனது. கிரிக்கெட் அம்பயரும் ஒரு காலத்தில் ‘எ நம்பயர்’ மாதிரி ஒரு சொல்தான், பழைய பிரெஞ்சில் இருந்து வந்தது, யாருக்கும் ஜோடியில்லாதவர் என்று பொருள். ‘ஆன்’ போய் அந்த ந-வை இழுத்துக்கொண்டது. இதை ஒரு சாயங்காலம் சொன்னேன். அதற்குப் பிறகு என் பிள்ளைகளில் ஒருவரும் அம்பயருக்கு ‘எ’ போட்டதில்லை. பத்து நிமிடக் கதை, எந்த விதியும் ஒப்பிக்கவில்லை.

இனி ‘தி’. இங்கேதான் எனக்கு உங்கள் மேல் உண்மையான வருத்தம்.

பதினேழாவது விதி: ‘தி என்றால் அந்த.’ ஆறாவது படிக்கும் பிள்ளை இதை நம்பி ‘தி சன் ரைசஸ்’ என்பதை ‘அந்தச் சூரியன் உதிக்கிறது’ என்று எழுதுகிறது. என்னவோ வானத்தில் நான்கைந்து சூரியன் இருந்து அதில் ஒன்றைச் சுட்டிக் காட்டுவது போல. ‘அந்த’வுக்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது. ‘தி’ என்பது சுட்டிக் காட்டும் விரல் இல்லை. ‘நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்’ என்று கேட்பவரைப் பார்த்துச் செய்யும் ஒரு கண் ஜாடை. ‘எ’ என்பது ‘உனக்கு இது புதுசு’ என்ற அறிவிப்பு. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இருக்கிற சமாச்சாரம் இது. கேட்பவர் யார் என்றே தெரியாத ஒற்றை வாக்கியத்தில் கோடு போட்டுவிட்டு ‘எ’யா ‘தி’யா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, லண்டனில் பிறந்தவராலும் முடியாது.

தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை, அதனால் நம் பிள்ளைகளுக்கு இது வராது, எனவே மனப்பாடம்தான் வழி என்று உங்கள் தாளின் முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. தமிழில் மட்டுமா, ரஷ்ய மொழியில் இல்லை, இந்தியில் இல்லை, சீனத்திலும் ஜப்பானியத்திலும் இல்லை, லத்தீனிலும் இருந்ததில்லை. ஆனால் ஆர்ட்டிக்கிள் என்ற சொல் இல்லை என்பதாலேயே அது சொல்கிற விஷயம் எங்களிடம் இல்லை என்று ஆகிவிடுமா?

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு ஊர்ல ஒரு பாட்டி இருந்தா. அந்தப் பாட்டி வடை சுட்டா. ஒரு காக்கா வந்து வடையத் தூக்கிட்டுப் போச்சு.’ இந்தக் கதையை மூன்று வயசுக் குழந்தை சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாட்டியும் காக்காவும் முதல் தடவை வரும்போது ‘ஒரு’. பாட்டி இரண்டாவது தடவை வரும்போது ‘அந்த’. அதையும் விடுங்கள், வடையைக் கவனியுங்கள். பாட்டி சுட்டபோது வெறும் ‘வடை’. காக்கா தூக்கும்போது ‘வடையை’. பாட்டி ‘வடையைச் சுட்டா’ என்று எந்தக் குழந்தையும் கதையைத் தொடங்குவதில்லை, காக்கா ‘வடை தூக்கிட்டுப் போச்சு’ என்றும் சொல்வதில்லை. ஏன்? இரண்டாவது முறை வரும்போது அது நமக்குத் தெரிந்த வடை ஆகிவிட்டது. அந்த ‘ஐ’ என்கிற ஒற்றை உருபில் உட்கார்ந்திருக்கிறது நீங்கள் முப்பத்தொரு விதியில் சொல்ல முயன்றது.

புத்தகம் வாங்கினேன், புத்தகத்தை வாங்கினேன். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பிள்ளைகளுக்கு விளக்கத் தெரியாது, ஆனால் மாற்றிச் சொல்லமாட்டார்கள். ‘பெண் பார்க்கப் போயிருக்காங்க’ என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, ‘பெண்ணைப் பார்க்கப் போயிருக்காங்க’ என்றால் மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறார்கள். இந்த உதாரணத்தைச் சொன்னால் பத்தாவது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு மறப்பதில்லை. என் மாணவியின் வாக்கியத்தையும் திரும்பப் பாருங்கள். ‘அப்பா மாடு வாங்கினார்’ என்று அவள் சொல்லவில்லை. ‘அப்பா அந்த மாட்டை வாங்கினார்’ என்றாள். தமிழில் ‘ஐ’ போட்ட கை ஆங்கிலத்தில் ‘தி’ போட்டது. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு இருக்க முடியுமா?

இதுவும் முழுக்கப் பொருந்தாது, தெரியும். ஆளைக் குறிக்கும் சொல்லுக்குப் பெரும்பாலும் ‘ஐ’ வந்தே தீரும், புதியவர் என்றாலும் ‘ஒரு டாக்டரைப் பார்த்தேன்’ என்றுதான் சொல்வோம். ‘காக்கா ஒரு வடையைத் தூக்கியது’ என்றும் சொல்லலாம், பல வடையில் ஒன்று என்று பொருள் வரும். எழுவாயாக வரும்போது ‘ஐ’ உதவிக்கே வராது. ஆனால் பிள்ளை கையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு சாவி இது, எல்லாப் பூட்டையும் திறக்காது என்பதற்காகக் கிணற்றில் போடுவார்களா?

எதுவுமே வராத இடத்துக்கு உங்கள் தாளில் ஒரு வரி கூட இல்லை. உங்கள் கேள்விகளில் எல்லாக் கோட்டுக்கும் ஏதாவது ஒன்றைப் போட்டே ஆக வேண்டும், எனவே பிள்ளைகள் ஆர்ட்டிக்கிள் என்றால் பெயர்ச்சொல் கண்ட இடத்தில் எல்லாம் எதையாவது ஒட்டுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘தி வாட்டர் ஈஸ் லைஃப்’, ‘ஐ ஆம் கோயிங் டு தி ஸ்கூல்’. பிள்ளை படிக்கப் போவது வெறும் ‘டு ஸ்கூல்’. ஃபீஸ் கட்டவோ, உங்கள் கீயைப் பற்றிச் சண்டை போடவோ நான் போவது ‘டு தி ஸ்கூல்’. பையன் பள்ளிக்கூடம் போகிறான், அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தாள் என்று நாமும் கிட்டத்தட்ட அப்படிப் பிரித்துப் பேசுவதுண்டு, கச்சிதமாக இல்லாவிட்டாலும்.

மலை, ஆறு, நாடு பற்றிய விதிகளைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். ‘மலைகளுக்குத் தி வரும்’ என்று இருக்கிறது. எவரெஸ்ட்டுக்கு வராதே? தொட்டபெட்டாவுக்கு வராதே? இமயமலை, நீலகிரி என்று தொடராக, பன்மையில் சொல்லும்போது ‘தி ஹிமாலயாஸ்’, ‘தி நீல்கிரிஸ்’. தனிச் சிகரத்துக்குக் கிடையாது. ‘தொடர்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதும், சேர்க்கவில்லை. இருபத்து நான்காவது விதியில் ‘தி உக்ரைன்’ என்று போட்டிருக்கிறீர்கள். எந்தப் பழைய புத்தகத்தில் இருந்து எடுத்ததோ. 1991ல் சுதந்திரம் அடைந்த நாளில் இருந்து அந்த நாடு தன் பெயருக்கு முன்னால் ‘தி’ வேண்டாம் என்கிறது, ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் பகுதிபோல அது காட்டுகிறது என்பது அவர்கள் மனக்குறை. அந்தப் பக்கம் காம்பியா தன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ‘தி’யை விடாமல் வைத்திருக்கிறது.

இந்தச் சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளில் இருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வாசகத்தில் அந்த ‘நிலப்பகுதிகள்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தி’ இல்லை. எல்லா நிலப்பகுதிகளில் இருந்துமா, சிலவற்றில் இருந்தா? பிரெஞ்சு வாசகத்தில் ‘எல்லாம்’ என்று படிக்கும்படி இருக்கிறது என்று ஒரு தரப்பும், ஆங்கிலத்தில் வேண்டுமென்றேதான் விட்டோம் என்று இன்னொரு தரப்பும் அன்றிலிருந்து இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கின்றன. நம் பிள்ளைகள் ஐ.நா.வுக்குத் தீர்மானம் எழுதப் போவதில்லை, சரி. ஆனால் அந்த எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் பொருள் இருக்கிறது என்பதையாவது அவர்கள் அறிய வேண்டாமா? பொருள் இருக்கிறது என்று என் மாணவிக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் அவள் மார்க் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆங்கிலமே தாய்மொழியான மூன்று குழந்தைகளைப் பல காலம் பின்தொடர்ந்து, பேச்சில் 14 சிறு இலக்கணக் கூறுகளை எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்று 1973ல் எழுதினார். ஆர்ட்டிக்கிள் எட்டாவது இடத்தில் வருகிறது. வீட்டில் அம்மா அப்பா பேசுவதில் நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளைகளுக்கே அது முதலில் வருவதில்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக வரும் சொல் ‘தி’தான். அவர்களுக்கு அது காது வழியாகப் போகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் தாள் வழியாக.

நான் பட்டது ஒன்றைச் சொல்கிறேன். படிப்பு முடித்து ஒரு தனியார் அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். எனக்கு எல்லாம் தெரியும், வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது, ‘ஐ ஆம்’ என்று தொடங்கி நின்றுவிட்டேன். அடுத்து வருவது ‘எ’யா ‘ஆன்’னா ‘தி’யா, இல்லை ஒன்றும் இல்லையா. தலைக்குள் விதிகள் வரிசை கட்டி நின்றன. எதிரில் இருந்தவர் பொறுமையாகத்தான் காத்திருந்தார். கடைசியில் நான் தமிழில் ‘மன்னிச்சிருங்க சார்’ என்று எழுந்து வந்துவிட்டேன். ஆர்ட்டிக்கிளே இல்லாமல் ‘ஐ ஆம் பி.காம். கிராஜுவேட்’ என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரியாமலா போயிருக்கும்? சின்னத் தப்பைச் செய்துகொண்டு பேசுவதற்குப் பதிலாகப் பேசாமலே இருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன் நான். இன்று என் மாடியில் பேசச் சொன்னால் கூரையைப் பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. அந்த மாட்டுக்காரப் பெண்ணும் இப்போது அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். முன்பெல்லாம் தப்போ சரியோ எழுதிவிடுவாள். இப்போது ஆர்ட்டிக்கிள் கேள்வி வந்தால், “கீயில என்ன போட்ருப்பாங்க அக்கா?” என்று கேட்கிறாள். என்ன அர்த்தத்தில் எழுதுவது என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கில் தாள் திருத்துகிறீர்கள், ஒரே விடை இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படியென்றால் ஒரே விடை வருகிற கேள்வியைக் கேளுங்கள். ‘ஐ சா ____ டாக். ____ டாக் வாஸ் லேம்’ என்று இரண்டு வாக்கியம் கொடுத்தால் இரண்டாவது கோட்டில் ‘தி’யைத் தவிர வேறு எது பொருந்தும்? ஒரு வாக்கியம் கூடுதலாக அச்சடிக்க ஆகும் மை எவ்வளவு?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை. அந்த இரண்டு பக்கத் தாளைத் திரும்பப் பெறுங்கள். புதிதாக எழுதினால் ‘ஆன்’னை ஓசை வைத்து எழுதுங்கள், ஓர்–ஒரு அருகிலேயே இருக்கட்டும், ‘தி என்றால் அந்த’ என்ற வரி மட்டும் மறுபடி வரவே வேண்டாம். ஆர்ட்டிக்கிள் கேள்வியைத் தனி வாக்கியமாகக் கேட்பதை நிறுத்தி, நான்கைந்து வரியுள்ள பத்தியாகக் கொடுங்கள், எதுவும் போடத் தேவையில்லாத கோடு ஒன்றாவது அதில் இருக்கட்டும். இரண்டு விடை பொருந்தும் இடத்தில் இரண்டுக்கும் மார்க் என்று கீயிலேயே அச்சிடுங்கள், அப்போதுதான் திருத்தும் ஆசிரியைக்குப் பயம் இருக்காது. ஆங்கில வகுப்பில் தமிழ் உதாரணம் சொல்லக் கூடாது என்று சில பள்ளிகளில் வாய்மொழியாக ஒரு தடை இருக்கிறது, அது உங்கள் உத்தரவு இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள், உங்கள் உத்தரவுதான் என்றால் ரத்து செய்யுங்கள்.

கடைசியாக, அரையாண்டுத் தேர்வில் அந்த இரண்டு கேள்விக்கும் ‘தி’, ‘எ’ என்று எழுதிய எல்லாப் பிள்ளைகளின் விடைத்தாளையும் மறுபடி எடுத்து மார்க் போடுங்கள். அவர்களில் ஒருத்தியின் தாள் நகல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் கொண்டுவந்து தருகிறேன். அடுத்த பருவம் தொடங்குவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பதில் வேண்டும், இந்த முறை ஒற்றை வரியில் வேண்டாம்.

இப்படிக்கு,
மொட்டை மாடி டியூஷன் அக்கா